மீதமுள்ள முக்கால் பங்கு

திருவள்ளூர் மாவட்டத்தின் வகுப்பறைகளிலும் பட்டறைகளிலும் செங்கற்சூளைகளிலும் கற்றலைப் பற்றி நிலவும் எண்ணங்கள்

பள்ளியில் எதைக் கற்பிப்பது, எந்த மொழியில் கற்பிப்பது, எந்த வகுப்பில் தேர்வு வைப்பது என்பன பற்றித் தமிழ்நாட்டில் தலைமுறை தலைமுறையாக விவாதம் நடந்துவருகிறது. ஆனால் அவ்விவாதங்கள் அனைத்துக்கும் அடியில் கிடக்கும் ஒரு கேள்வி, அதாவது கற்றல் என்றால் என்னவென்று மாணவரும் ஆசிரியரும் தத்தம் மனத்துக்குள் நம்புகிறார்கள் என்ற கேள்வி, பெரும்பாலும் எழுப்பப்படாமலே போகிறது. அந்த நம்பிக்கை எந்தப் பாடநூலிலும் அச்சாவதில்லை. எந்த அரசாணையும் அதை வகுத்துரைப்பதில்லை. எனினும் ஒரு பிள்ளை புத்தகத்தைத் திறந்ததும் எந்த வரியின் கீழ்க் கோடிடுகிறது, புரியாத இடத்தில் கையை உயர்த்துகிறதா தலையைக் குனிகிறதா, தேர்வு முடிந்த மறுநாள் படித்ததில் எதை வைத்துக்கொள்கிறது, எதை விட்டுவிடுகிறது என்பவற்றையெல்லாம் தீர்மானிப்பது அதுவே. பாடத்திட்டத்துக்கு முன்பே பிள்ளையின் உள்ளத்தில் எழுதப்பட்டுவிட்ட பாடத்திட்டம் என்று அதைச் சொல்லலாம்.

இக்கேள்வியை எழுப்புவதற்குத் திருவள்ளூர் மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் தமிழகத்தில் அரிது. சென்னையிலிருந்து வடக்கே செல்லும் புறநகர் மின்தொடர் வண்டி கும்மிடிப்பூண்டியில் நிற்கும்போது, ஒரு பக்கம் சிப்காட் வளாகத்தின் உருக்காலைகளும் உருட்டாலைகளும் வார்ப்படச் சாலைகளும், மறுபக்கம் நெல்வயல்களும், சற்றுத் தொலைவில் ஆந்திர எல்லையும் இருக்கின்றன. தேர்வாய்க்கண்டிகையில் இரண்டாவது தொழிற்பூங்கா எழுந்திருக்கிறது. பழவேற்காட்டு ஏரிக்கரையில் மீனவர் குடியிருப்புகள். கும்மிடிப்பூண்டியிலேயே ஈழத்திலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் பல்லாண்டுகளாக வாழும் முகாம். மாவட்டத்தின் பல பகுதிகளில் ஒடிசாவிலிருந்து வரும் குடும்பங்கள் உழைக்கும் செங்கற்சூளைகள். ஆசிரியர் நாளாக நாடு கொண்டாடும் செப்டம்பர் 5 அன்று, 1888இல், சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் பிறந்த திருத்தணியும் இன்று இம்மாவட்டத்துக்கு உட்பட்டதே. வகுப்பறைக் கல்வியும் தொழிற்கூடப் பயிற்சியும் புலம்பெயர் வாழ்வும் ஒரே பேருந்துத் தடத்தில் அடுத்தடுத்து அமைந்த இந்நிலப்பரப்பில், கற்றல் என்னும் ஒரு சொல்லுக்கு ஒன்றுக்கொன்று உறவற்ற பல பொருள்கள் வழங்கிவருகின்றன.

நன்னூல் போட்ட கணக்கு

கற்றலின் இயல்பு பற்றிய ஆராய்ச்சி மேலைநாட்டு உளவியலோடு தொடங்கியதன்று. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், எழுத்திலக்கணத்துக்குள் நுழைவதற்கு முன், பொதுப்பாயிரத்தில் நூல் எது, ஆசிரியர் யார், பாடம் சொல்வது எப்படி, மாணாக்கர் யார், பாடம் கேட்பது எப்படி என்ற ஐந்தையும் வரிசையாக விளக்குகிறது. அதில் நூல் பயிலும் முறையாக ஏழு செயல்கள் கூறப்படுகின்றன: உலக வழக்கை அறிதல், பாடத்தை மறவாமல் போற்றுதல், கேட்டதை மீண்டும் நினைத்தல், ஆசிரியரை அடுத்துக் கேட்டல், உடன் கற்போரோடு பழகுதல், வினவுதல், வினாவுக்கு விடை கூறுதல். இவற்றுள் ஒன்று மட்டுமே மனப்பாடத்தைச் சார்ந்தது. எஞ்சிய ஆறும் சிந்தனையையும் உறவையும் உரையாடலையும் சார்ந்தவை என்பது கூர்ந்து நோக்கத் தக்கது.

அதைவிட வியப்பூட்டுவது, நன்னூல் இவ்விடத்தில் போடும் கணக்கு. ஆசிரியர் சொன்னதை ஒரு மாணவர் பழுதறக் கேட்டுக்கொண்டாலும் அவர் பெறுவது புலமையில் கால் பங்குதான். உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு கால் பங்கு வருகிறது. தாம் கற்றதைப் பிறருக்குச் செம்மையாக எடுத்துரைக்கும்போதே எஞ்சிய அரைப் பங்கும் நிறைகிறது என்கிறது அந்நூல். ஆசிரியரை நிலம், மலை, துலாக்கோல், மலர் ஆகியவற்றோடு ஒப்பிட்டு உயர்த்திப் பேசும் அதே நூல், அவரது பங்கைக் காலாக வரையறுத்ததில் ஆழ்ந்த தெளிவு இருக்கிறது. இக்கட்டுரை அந்தக் கணக்கையே அளவுகோலாகக் கொள்கிறது. இன்றைய பள்ளியின் கால அட்டவணை, கட்டமைப்பு, தேர்வு ஆகியவை ஆசிரியர் சொல்லும் கால் பங்குக்கு ஏறத்தாழ முழு இடத்தையும் ஒதுக்கியிருக்க, மீதமுள்ள முக்கால் பங்கு எங்கே போயிற்று என்பதே இங்கு எழுப்பப்படும் வினா.

உடன் பயில்வோர் வழியாகக் கற்பது இம்மண்ணுக்குப் புதியதன்று. திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை என்னும் மூத்த மாணவர் இளையவர்க்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகினர். சென்னை எழும்பூரில் 1789 முதல் படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், மணலில் எழுதும் வழக்கத்தை உள்ளூர்ப் பள்ளியில் கண்டு மேற்கொண்டதோடு, மாணவரே மாணவர்க்குக் கற்பிக்கும் முறையையும் வளர்த்து, 1797இல் லண்டனில் அது குறித்து நூல் வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரிலேயே அது இங்கிலாந்தின் பள்ளிகளில் பரவியது. ஆனால் அங்கே அது குறைந்த செலவில் பெருந்திரளான பிள்ளைகளுக்குப் பாடத்தை ஒப்பிக்கவைக்கும் ஏற்பாடாகச் சுருங்கிப்போனது. ஒரு முறையை எடுத்துச் செல்பவர் அதன் பின்னுள்ள எண்ணத்தையும் எடுத்துச் செல்லாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு இது முதல் பாடம்.

ஆறு விடைகள்

தற்கால ஆராய்ச்சியில் இத்துறைக்கு அடித்தளம் இட்டவர்கள் ஸ்வீடனின் கோதன்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபெரென்ஸ் மார்ட்டனும் ரோஜர் சால்யோவும் ஆவர். 1976இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களிடம் ஒரு கட்டுரையைக் கொடுத்துப் படிக்கச் சொல்லி, பின்னர் எப்படிப் படித்தீர்கள் என்று வினவினர். சிலர் கட்டுரையின் சொற்களையே பற்றிக்கொண்டு, எது கேட்கப்படுமோ என்ற பதற்றத்தில் தகவல்களைத் திரட்டினர். வேறு சிலர் எழுதியவர் என்ன சொல்ல வருகிறார் என்று தேடினர். முன்னதை மேலோட்ட அணுகுமுறை என்றும் பின்னதை ஆழ்ந்த அணுகுமுறை என்றும் அவர்கள் பெயரிட்டனர். இவை மாணவரின் அறிவுக்கூர்மையைக் குறிக்கும் பட்டங்கள் அல்ல. ஒரே மாணவர், தம்மிடம் என்ன கேட்கப்படும் என்று எதிர்பார்க்கிறாரோ அதற்கேற்ப ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறக்கூடியவர் என்பதே இந்த ஆய்வுமரபின் முதன்மையான முடிவு.

1979இல் சால்யோ இன்னும் அடிப்படையான கேள்விக்குச் சென்று, கற்றல் என்றால் என்ன என்று பலதரப்பட்ட மக்களிடம் நேரடியாகக் கேட்டு, விடைகளை ஐந்து வகையாகப் பிரித்தார். தகவலைப் பெருக்கிக்கொள்ளுதல் முதல் வகை. மனத்தில் பதித்து வேண்டும்போது திருப்பிச் சொல்லுதல் இரண்டாவது. பின்னால் பயன்படும் செய்திகளையும் திறன்களையும் சேர்த்துக்கொள்ளுதல் மூன்றாவது. பொருளை உணர்தல் நான்காவது. உணர்ந்த பொருளைக் கொண்டு உலகைப் புதிதாக விளங்கிக்கொள்ளுதல் ஐந்தாவது. 1993இல் மார்ட்டனும் உடன் ஆய்வாளர்களும் ஆறாவதாக ஒன்றைச் சேர்த்தனர்: கற்றவர் தாமே மாறிப்போதல். முதல் மூன்றில் அறிவு வெளியே பண்டமாகக் கிடக்கிறது; கற்பவர் அதை எடுத்து உள்ளே வைக்கிறார். பின் மூன்றில் கற்பவரின் பார்வையே மாறுகிறது.

இந்த ஆறையும் கும்மிடிப்பூண்டியின் ஒரு பத்தாம் வகுப்புக்குப் பொருத்திப் பார்த்தால் படம் தெளிவாகும். இரும்பு துருப்பிடிப்பதற்கு நீரும் ஆக்சிஜனும் வேண்டும் என்னும் பாடத்தை ஒரு மாணவி இரண்டு மதிப்பெண் விடையாகப் படிக்கலாம். அதையே, கடற்காற்று வீசும் பழவேற்காட்டில் படகின் ஆணி விரைவில் துருவேறுவது ஏன், தொழிற்சாலையிலிருந்து வரும் கம்பிக்கு எண்ணெய் பூசுவது ஏன் என்று இணைத்துப் படித்தால், அவள் தன் ஊரையே வேறு கண்ணால் பார்க்கத் தொடங்குகிறாள். இரு முயற்சிக்கும் பாடம் ஒன்றே, புத்தகம் ஒன்றே, ஆசிரியரும் ஒருவரே. கற்றல் என்பது இன்னது என்னும் எண்ணம் மட்டுமே வேறு.

படித்தல், பழகுதல், கேள்வி

தமிழில் வழங்கும் சொற்களே இந்த எண்ணங்களைக் காட்டிக்கொடுக்கின்றன. படித்தல் என்னும் சொல் வாசித்தலையும் மனப்பாடம் செய்தலையும் பள்ளிக்குச் செல்லுதலையும் ஒருங்கே குறிக்கிறது. மாலையில் ஒரு தாய் பிள்ளையிடம் "படிச்சிட்டியா?" என்று கேட்கும்போது, பெரும்பாலும் அவள் அறிய விரும்புவது விடையை ஒப்பிக்க முடியுமா என்பதைத்தான். புத்தகப் பின்வினா, ஒரு மார்க், கைடு, மினிமம் மெட்டீரியல், போர்ஷன் முடித்தல், ரிவிஷன் ஆகியவை பள்ளியின் அன்றாடச் சொற்கள். தேர்ச்சி பெறுவதற்குப் போதுமான வினாவிடைகளை மட்டும் திரட்டித் தரும் சிறு தொகுப்பே மினிமம் மெட்டீரியல் எனப்படுகிறது. இச்சொற்கள் அனைத்தும் சால்யோவின் முதல் இரண்டு வகைகளுக்குள் அடங்கிவிடுகின்றன.

தொழிற்கூடத்தின் சொல் வேறு. அங்கே எவரும் லேத் படிப்பதில்லை. லேத் வேலை பழகுகிறார்கள். பழகுதல் என்னும் சொல்லுக்குத் தொழிலில் கை தேர்தல் என்பதோடு மனிதரோடு நெருங்கி உறவாடுதல் என்ற பொருளும் உண்டு. தொழிலும் தொழில் தெரிந்த மனிதரும் சேர்ந்தே கைவரும் என்னும் பட்டறிவு அச்சொல்லுக்குள் குடிகொண்டிருக்கிறது.

மூன்றாவது சொல் கேள்வி. பழைய வழக்கில் அது செவியால் கேட்டுப் பெறும் அறிவைக் குறித்தது. வினவுதலையும் அதுவே குறிக்கும். கேட்பதும் வினவுவதும் ஒரே சொல்லில் அடங்கிய மொழியில், இன்றைய வகுப்பறையில் கேள்வி என்றால் ஆசிரியரோ தேர்வுத்தாளோ மாணவரை நோக்கிக் கேட்பது என்ற பொருளே நிலைத்துவிட்டது. மாணவர் கேட்கும் கேள்விக்கு மட்டும் 'சந்தேகம்' என்று தனிப்பெயர். அறிந்துகொள்ளும் ஆவல் ஒரு குறைபாட்டின் பெயரைத் தாங்கி நிற்கும் இடத்தில், கையை உயர்த்துவதற்குத் துணிவு வேண்டியிருக்கிறது.

மனப்பாடத்துக்குரிய நியாயம்

இவ்வாறு சொல்வதால் மனப்பாடம் அனைத்தும் பழுது என்று முடிவு கட்டுவது தவறு. எண்சுவடியையும் வாய்பாட்டையும் ஓதிப் பழகிய தலைமுறைகள் கணக்கில் வலிமை பெற்றிருந்தன. செய்யுளை முதலில் நாவில் ஏற்றிப் பின்னர் வாழ்நாள் முழுதும் அதன் பொருளை அசைபோடுவது தமிழ்ப் புலமையின் நீண்ட மரபு. சீன, ஹாங்காங் மாணவர்களை ஆராய்ந்து டேவிட் வாட்கின்ஸ், ஜான் பிக்ஸ் ஆகியோர் 1996இல் தொகுத்த நூலும், திரும்பத் திரும்பச் சொல்லிப் பதிய வைப்பது பொருளை ஆழமாக உணர்வதற்கான வழியாகவும் அமையலாம் என்று காட்டியது. உருப்போடுவதற்கும் ஓதி உணர்வதற்கும் இடையிலான வேறுபாடு செயலில் இல்லை, நோக்கத்தில் இருக்கிறது: ஒன்று விடைத்தாளோடு முடிந்துபோகிறது, மற்றொன்று பொருளுக்கு வாயிலாகிறது.

நோக்கத்தைத் தீர்மானிப்பதில் தேர்வுக்கு நிகரான ஆற்றல் வேறொன்றுக்கும் இல்லை. திருத்தணி தந்த ராதாகிருஷ்ணனின் தலைமையில் 1948–49இல் இயங்கிய பல்கலைக்கழகக் கல்வி ஆணையம், உயர்கல்வியில் ஒரே ஒரு சீர்திருத்தத்தை மட்டும் பரிந்துரைக்கச் சொன்னால் அது தேர்வுமுறைச் சீர்திருத்தமாகவே இருக்கும் என்ற கருத்தை வெளியிட்டது. பிள்ளைகளின் கல்விச் சுமையை ஆராய்ந்த யஷ்பால் குழுவின் 1993 அறிக்கையும், கற்பவர் தம் பட்டறிவிலிருந்து அறிவைத் தாமே கட்டியெழுப்புகிறார் என்ற கொள்கையை மையமாகக் கொண்ட 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பும் அதே திசையில் பேசின. முக்கால் நூற்றாண்டாக அறிஞர் ஒரு பக்கம் சொல்லிவர, வினாத்தாள் மறுபக்கம் வேறொன்றைச் சொல்லிவந்திருக்கிறது. மாணவர்கள் வினாத்தாளையே நம்பினார்கள். அவர்களது வாழ்வை முடிவு செய்தது அதுவாகவே இருந்ததால், அந்த நம்பிக்கையில் அறியாமை எதுவும் இல்லை.

ஆசிரியரின் மனச்சித்திரம்

ஆசிரியர்களின் எண்ணங்களை ஆராய்ந்த மைக்கேல் பிராசர், கீத் டிரிக்வெல் ஆகியோர், கற்பித்தலை அறிவைக் கடத்துவதாகக் கருதுவோர் என்றும், மாணவரின் கருத்தை மாற்றுவதாகக் கருதுவோர் என்றும் இரு முனைகளைக் காட்டினர். முதல் வகையினரிடம் படிக்கும் மாணவர்கள் மேலோட்ட அணுகுமுறைக்கும், இரண்டாம் வகையினரிடம் படிப்போர் ஆழ்ந்த அணுகுமுறைக்கும் சாய்வதை அவர்களது ஆய்வுகள் எடுத்துக்காட்டின. ஆசிரியரின் நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதற்கு டான் லார்ட்டி 1975இல் தந்த விளக்கம் இன்றும் பொருந்தும்: ஆசிரியராகப் போகிறவர் பயிற்சிக் கல்லூரிக்குள் நுழைவதற்கு முன்பே பன்னிரண்டு ஆண்டுகள் மாணவராக அமர்ந்து ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறார், அந்தப் பன்னிரண்டு ஆண்டுப் பதிவை ஓரிரு ஆண்டுப் பயிற்சி அழித்துவிடுவதில்லை.

தமிழ்நாட்டில் இப்பதிவை அசைத்துப் பார்த்த பெருமுயற்சி செயல்வழிக் கற்றல் ஆகும். ஆந்திரத்தின் ரிஷி வேலிப் பள்ளியில் உருவான முறையை அடியொற்றி, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007–08இல் மாநிலம் முழுதும் முதல் நான்கு வகுப்புகளுக்கு விரிந்த அம்முறையில், பாடம் சிறு சிறு அட்டைகளாகப் பிரிக்கப்பட்டது. கற்றல் ஏணி என்னும் படத்தில் தன் படி எது என்று பிள்ளையே கண்டு, அட்டையை எடுத்து, குழுவில் அமர்ந்து தன் வேகத்தில் கற்றது. ஆசிரியர் நாற்காலியை விட்டிறங்கிப் பாயில் அமர்ந்தார். பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் சுவரில் கரும்பலகை பூசப்பட்டது. நன்னூல் சொன்ன இரண்டாவது கால் பங்குக்கு அரசுப் பள்ளியில் முறைப்படி இடம் கிடைத்த காலம் அது. ஆயினும் கற்பித்தல் என்றால் கரும்பலகைக்கு முன் நின்று நடத்துவது என்றே அறிந்திருந்த ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும், ஆசிரியர் பாடம் நடத்தவில்லை என்ற உறுத்தல் இருந்துகொண்டே இருந்தது. அட்டைகளை அச்சிட்டு அனுப்புவது எளிது. அந்த உறுத்தலுக்கு விடை அனுப்புவது அரிது. எண்ணம் மாறாத இடங்களில் அட்டையும் இன்னொரு போர்ஷனாகவே மாறியது.

கொரோனாக் காலத்தில் ஒன்றரை ஆண்டுக்கு மேல் தொடக்கப் பள்ளிகள் மூடிக்கிடந்த பின், 2022 ஜூன் 13 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் எண்ணும் எழுத்தும் திட்டத்தைத் தொடங்கிவைத்தது இம்மாவட்டத்தின் அழிஞ்சிவாக்கம் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில்தான். எட்டு வயதுக்குள் ஒவ்வொரு பிள்ளையும் பிழையின்றிப் படிக்கவும் எழுதவும் அடிப்படைக் கணக்கு போடவும் வேண்டும் என்பது அதன் இலக்கு. அத்திட்டம் பிள்ளைகளின் நிலைகளுக்குச் சூட்டிய பெயர்கள் அரும்பு, மொட்டு, மலர். இப்பெயர்களுக்குப் பின்னுள்ள எண்ணம் பெரிது. நன்னூல் மாணாக்கரைத் தலை, இடை, கடை என்று பிரித்து, தலையானவரை அன்னத்தோடும் கடையானவரை ஓட்டைக் குடத்தோடும் ஒப்பிட்டது. ஓட்டைக் குடம் நாளை நல்ல குடமாவதில்லை. அரும்போ தன் காலத்தில் மலர்ந்தே தீரும். அறிவுத்திறன் பிறவியில் அளந்து தரப்பட்டது என்று நம்பும் பிள்ளை தோல்வியைக் கண்டதும் ஒதுங்கிக்கொள்வதையும், முயற்சியால் வளர்வது என்று நம்பும் பிள்ளை மறுபடி முயல்வதையும் அமெரிக்க உளவியலாளர் கரோல் ட்வெக்கின் ஆய்வுகள் விரிவாக எடுத்துரைத்தன. மெல்லக் கற்போர் என்னும் பட்டியல் தலைமையாசிரியர் அறையில் இருக்கலாம். அது பிள்ளையின் நெற்றியில் ஒட்டப்படும் நாளில் அரும்பு மீண்டும் குடமாகிவிடுகிறது.

அரத்தின் பாடம்

பத்தாம் வகுப்பில் மதிப்பெண் குறைந்து தொழிற்பயிற்சி நிலையத்துக்கு, அதாவது ஐடிஐக்கு, வந்து சேரும் இளைஞர் பலர் தமக்குப் படிப்பு வரவில்லை என்று சொல்லிக்கொள்கின்றனர். ஈராண்டு ஃபிட்டர் பயிற்சியின் தொடக்கத்தில் அவர்கள் ஒவ்வொருவர் கையிலும் ஓர் இரும்புத் துண்டும் அரமும் தரப்படுகின்றன. அதன் முகத்தைச் சமதளமாகவும் விளிம்பைச் செங்கோணமாகவும் தேய்த்து எடுப்பதே வேலை. மட்டத்தை வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கும்போது இடுக்கில் ஒளி கசிந்தால் தவறு எங்கே என்று இரும்பே சொல்லிவிடுகிறது. எவரும் சிவப்பு மையால் சுழிப்பதில்லை. தவறு அங்கே தண்டனையாக வராமல் தகவலாக வருகிறது. பக்கத்தில் நிற்பவர் அரத்தைப் பிடிக்கும் கோணத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்வதும், அடுத்த மாதம் புதிதாக வந்தவருக்குத் தாமே காட்டிக்கொடுப்பதும் இயல்பாக நிகழ்கின்றன. நன்னூலின் முக்கால் பங்கு எந்தப் பெயரும் இன்றி அந்தப் பட்டறையில் நடந்துகொண்டிருக்கிறது.

இன்னது இப்படி என்று அறிவதற்கும் இதை இப்படிச் செய்வது என்று அறிவதற்கும் உள்ள வேறுபாட்டை ஆங்கிலேய மெய்யியலாளர் கில்பர்ட் ரைல் 1949இல் விளக்கினார். ஜீன் லேவ், எட்டியென் வெங்கர் ஆகியோர் 1991இல் வெளியிட்ட நூலில், தையற்காரர் முதல் பேறுகாலம் பார்க்கும் மருத்துவச்சியர் வரை பல தொழில்களைக் காட்டி, கற்றல் என்பது ஒரு தொழிற் சமூகத்தின் ஓரத்தில் சிறு வேலையோடு நுழைந்து, படிப்படியாக அதன் நடுவுக்கு வந்து சேர்வதே என்று வாதிட்டனர். ஹெல்ப்பராகச் சேர்ந்து மேஸ்திரியாக உயர்ந்த எவருக்கும் இது தெரிந்த செய்தி.

ஆனால் தொழிற்சாலையைப் பள்ளியைவிட மேலான கல்விக்கூடமாகப் போற்றிவிடவும் முடியாது. ஓரத்தில் நுழைந்தவர் நடுவுக்கு வருவதற்கு வழி இருந்தால்தான் லேவும் வெங்கரும் சொன்னது நடக்கும். ஒப்பந்தத் தொழிலாளியாக ஒரே இயந்திரத்தின் ஒரே பொத்தானை ஷிப்ட் முழுதும் அழுத்தி, சில மாதங்களில் வேறு நிறுவனத்துக்கு மாறிச் செல்லும் இளைஞர் ஓரத்திலேயே நின்றுவிடுகிறார். அவர் பழகுவது ஓர் அசைவைத்தானே ஒழிய ஒரு தொழிலை அன்று. 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் பழகுநர் என்ற சொல்லுக்குச் சட்டத் தகுதி தந்து, கற்பிக்கும் கடமையை நிறுவனத்தின் மேல் சுமத்தியது. அந்தக் கடமை எங்கே மலிவான கைகளைத் தேடும் வழக்கமாகக் குறைகிறதோ அங்கே கற்றலும் குறைகிறது. உலையின் வெப்பம் ஏன் அந்த அளவில் நிற்க வேண்டும் என்று கேட்கத் தெரியாத கைக்கு நாளைய இயந்திரத்தின் முன் இடம் இராது. அந்த 'ஏன்' பள்ளியிலிருந்து வரவேண்டும். ஆகவே படித்தலுக்குப் பழகுதல் வேண்டும், பழகுதலுக்குக் கேள்வி வேண்டும்.

சூளையும் மொழியும்

மழைக்காலம் ஓய்ந்ததும் ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து, கோடையின் முடிவில் திரும்பும் செங்கற்சூளைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குக் கற்றல் என்பது முதலில் மொழிச் சிக்கல். ஒடியாவில் இரண்டாம் வகுப்புப் படித்த பிள்ளை தமிழ் வகுப்பில் வாய் திறவாமல் அமர்ந்திருந்தால், அப்பிள்ளைக்கு அறிவில்லை என்று கொள்வது பிழையல்லவா? இம்மாவட்டத்தில் அரசும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து சூளைகளின் அருகிலேயே பணியிடப் பள்ளிகளை அமைத்து, ஒடியா பாடநூல்களையும் ஒடியா தெரிந்த ஆசிரியர்களையும் வரவழைத்தது, பிள்ளை ஏற்கெனவே அறிந்ததன் மேல்தான் புதிய அறிவு நிற்கும் என்னும் கற்றல் கொள்கைக்குக் கொடுக்கப்பட்ட செயல்வடிவம் ஆகும். எல்லையோர ஊர்களில் வீட்டில் தெலுங்கும் பள்ளியில் தமிழும் பேசி வளரும் பிள்ளைகளும், செங்கல் அறுக்கும் தாய்க்கு உதவி அச்சுகளை எண்ணிப் பழகிய பிள்ளைகளும், வலைக்கண்ணின் அளவைக் கண்ணாலேயே மதிப்பிடும் பழவேற்காட்டுச் சிறுவர்களும் வெறும் கையோடு பள்ளிக்கு வருவதில்லை. அவர்கள் கொண்டுவருவதை வாசலிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லும் வகுப்பறை, அடித்தளம் இருக்கும் இடத்தை விட்டு வேறிடத்தில் சுவர் எழுப்பப் பார்க்கிறது.

பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ ஃபிரெய்ரே, மாணவரைக் காலிப் பெட்டகமாகக் கருதி அதில் அறிவை நிரப்பும் போக்கை வங்கிமுறைக் கல்வி என்று கண்டித்ததும் இக்காரணம் பற்றியே. ஏழைகளின் பிள்ளைகள் காலியானவர்கள் என்ற எண்ணமே அவர்களுக்கு இழைக்கப்படும் முதல் அநீதி என்பது அவருடைய சிந்தனையின் சாரம்.

வெளியகரம் சொன்ன விடை

மாணவர்கள் கற்றலைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதற்கு ஆய்வுத்தாளில் அடங்காத ஒரு விடையும் இம்மாவட்டத்திலிருந்தே வந்தது. 2018 ஜூன் மாதம், பள்ளிப்பட்டு வட்டம் வெளியகரம் அரசு உயர்நிலைப் பள்ளியின் இளம் ஆங்கில ஆசிரியர் ஒருவருக்கு இடமாறுதல் ஆணை வந்தபோது, மாணவ மாணவியர் அவரைச் சூழ்ந்து கட்டிப்பிடித்து, போக விடாமல் கதறி அழுதனர். பெற்றோரும் அவர்களோடு நின்றனர். அக்காட்சி நாடெங்கும் பேசப்பட்டது. பாடம் என்பது கடத்தித் தரப்படும் சரக்கு என்றால் அதை எந்த ஆசிரியரும் கொண்டுவந்து சேர்க்கலாம். ஒருவர் போனால் இன்னொருவர் வருவார். அப்பிள்ளைகள் அவ்வாறு நினைக்கவில்லை. ஊர்ப்புறத்துப் பிள்ளைகளுக்கு அச்சம் தரும் ஆங்கிலத்தைக்கூட, தம்மோடு பழகிய ஒருவரிடமிருந்து கற்க முடியும் என்று அவர்கள் கண்டிருந்தனர். பழகுதல் என்னும் சொல்லின் இரு பொருளும் அன்று அப்பள்ளி வளாகத்தில் ஒன்றாயின. அச்சமும் மன அழுத்தமும் இல்லாத சூழலில், செயல்பாட்டின் வழியாகவும் தேடலின் வழியாகவும் பிள்ளை கற்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் எழுத்தில் கேட்பதை, அப்பிள்ளைகள் கண்ணீரில் கேட்டார்கள்.

முக்கால் பங்குக்கு இடம்

எண்ணங்கள் அறிவுரையால் மாறுவதில்லை, பட்டறிவால் மாறுகின்றன. ஆகவே செய்யவேண்டியது, வேறுவிதமாகக் கற்கும் வாய்ப்பை மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் நேரில் தருவதே. இதற்கு அரிய காலம் இப்போது கனிந்திருக்கிறது. 2025 ஆகஸ்ட் 8 அன்று வெளியிடப்பட்ட தமிழ்நாட்டின் மாநிலக் கல்விக் கொள்கையை அடுத்து, 2017–18 முதல் நடந்துவந்த பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வு நீக்கப்பட்டிருக்கிறது. முன்பு பொதுத்தேர்வு இல்லாத காலத்தில், பல பள்ளிகள் பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தள்ளிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு ஆண்டுகள் நடத்தின. அதைத் தடுக்கவே அத்தேர்வு வந்தது. கற்றலைப் பற்றிய எண்ணம் மாறாவிட்டால் அதே பழக்கம் திரும்பி வரும். மாறினால், தமிழகப் பள்ளி வாழ்வில் ஓர் ஆண்டு முழுதும் மீதமுள்ள முக்கால் பங்குக்குக் கிடைக்கும்.

அந்த ஆண்டில், வாரத்தில் சில பாடவேளைகளையேனும் மாணவர் மாணவர்க்கு எடுத்துரைப்பதற்கு ஒதுக்கலாம்; கும்மிடிப்பூண்டியின் ஐடிஐ பயிற்றுநர்களும் ஓய்வுபெற்ற தொழிலாளர்களும் இயற்பியல் வகுப்புக்கு வந்து வெப்பத்தையும் உராய்வையும் இரும்பில் காட்டலாம்; தொழிற்பூங்காவின் பழகுநர்கள் மாலையில் பள்ளிக்குத் திரும்பி, தாம் செய்யும் வேலையின் 'ஏன்' என்பதைத் தேடலாம். மேற்படிப்புக்கும் வேலைக்குமான வழிகாட்டலை 2022 முதல் பள்ளிக்குள் கொண்டுவந்திருக்கும் நான் முதல்வன் திட்டம் இதற்கு ஏற்ற வாயில். திரூரிலுள்ள மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனமும் குறுவள மையக் கூட்டங்களும் புதிய படிவங்களை விளக்குவதோடு நில்லாமல், கற்றல் என்று நீங்கள் எதை நம்புகிறீர்கள் என்னும் வினாவை ஆசிரியர்களின் முன் வைத்து, அவர்கள் ஒருவர்க்கொருவர் மனம்விட்டு விடை சொல்ல நேரம் தரவேண்டும். ஏனெனில் தம் எண்ணத்தைக் கேட்க ஒருவரும் இல்லாத ஆசிரியர் மாணவரின் எண்ணத்தைக் கேட்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. வினாத்தாளிலும் ஒப்பித்து எழுத முடியாத, ஊரையும் பாடத்தையும் இணைத்து விளக்கக் கோரும் வினாக்கள் ஆண்டுதோறும் உறுதியாக இடம்பெற வேண்டும்; மாணவர் நம்புவது வினாத்தாளைத்தான் என்பதை மறந்த எந்தச் சீர்திருத்தமும் நிலைப்பதில்லை.

பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி கரும்பலகைக்கு முன் நின்று, இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது என்று தோழியருக்கு விளக்கத் தொடங்கி, படகோட்டியின் மகள் கேட்கும் ஒரு கேள்விக்கு விடை தெரியாமல் தடுமாறி, மறுநாள் தானே தேடிக் கண்ட விடையோடு வந்து நின்றால், அந்த இரண்டு பாடவேளைகளில் நன்னூல் சொன்ன நான்கு கால்களும் கூடிவிடுகின்றன. அதற்குப் புதிய கட்டடமோ புதிய கருவியோ தேவையில்லை. விடை தெரியாமல் நின்ற அந்த முதல் நாளையும் கற்றலின் பகுதியாக ஏற்கும் மனம் ஆசிரியருக்கு வேண்டும். அந்த மனத்தோடு அவர் பின்வரிசையில் அமர்ந்து கேட்கும்போது, தம்முடைய கால் பங்கையும் அவர் முழுமையாகச் செலுத்தியிருக்கிறார்.